கைப்பக்குவத்தின் பங்காளிகள்

கேள்வி: என் மனைவி கைத்தொலைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்து, யூடியூபைப் பார்த்துத்தான் சமைக்கிறார். திருமணமாகி 4 ஆண்டுகளாகியும் என் தாயாரின் கைப்பக்குவம் அவருக்கு வரவில்லை. தாயிடமும் மாமியிடமும் கற்க வேண்டியதை முகம் தெரியாதவர்களிடம் கற்கும் இந்தத் தலைமுறையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?
— ஒரு வாசகர், வெள்ளவத்தை, கொழும்பு

பதில்: பிறந்த நாள் முதல் அந்தக் கைப்பக்குவத்தை உண்டு வளர்ந்தவர் நீங்கள், உங்கள் மனைவிக்கோ அது 4 ஆண்டுப் பழக்கம்தான். அப்படியிருக்க, உங்கள் தாயாரிடம் கற்றுக்கொள்ளாத குற்றம் யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்வோம்.

உங்கள் முறைப்பாட்டில் உண்மை சிறிதும் இல்லை என்று சொல்ல மாட்டேன். தமிழ்நாட்டுக் காணொளியில் ஒருவர் மிளகாய்த்தூள் ஒரு கரண்டி, மல்லித்தூள் இரண்டு கரண்டி என்கிறார். அவர் சொல்லும் மிளகாய்த்தூள் வெறும் மிளகாயை அரைத்தது. நம் வீடுகளில் அதே பெயரோடு போத்தலில் இருப்பதோ மிளகாயுடன் மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றையும் வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துத் தூள். காணொளி சொன்னபடியே அந்தத் தூளில் ஒரு கரண்டியும் அதற்கு மேல் மல்லித்தூள் இரண்டு கரண்டியும் போட்டால், கறி யாழ்ப்பாணத்துக் கறியாகவும் இராது, மதுரைக் குழம்பாகவும் இராது. சமைத்தவர் தம் கையைத்தான் நொந்துகொள்வார். பிழை ஒரே பெயரில் கிடக்கும் இரண்டு தூள்களில் இருக்கிறது என்பதைக் காணொளிக்காரர் அறிய வழியில்லை. தேங்காய்ப்பாலில் வைக்கும் சொதிக்குத் தேசிக்காய்ப்புளியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகே விட வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும். ஆனால் உங்கள் வீட்டுச் சட்டியில் பால் திரையத் தொடங்கும்போது "இறக்கு, இறக்கு" என்று சொல்ல அவர் பக்கத்தில் நிற்பதில்லை.

அப்படிப் பக்கத்தில் நின்றவர்கள் உங்கள் தாயாருக்கு எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? அவருடைய தாயார் மட்டுமே என்று நினைத்தால் நீங்கள் கொழும்பை அறியாதவர். எந்த மீனைக் குழம்பு வைப்பது, எதைப் பொரிப்பது என்று சந்தையில் மீனை வெட்டிக்கொண்டே சொல்லிக் கொடுத்தவர் மீன்காரர். மிளகாயை இன்னும் கொஞ்சம் காயவிட்டுக் கொண்டுவரும்படி திருப்பியனுப்பியவர் அரைவை ஆலைக்காரர். சூரை மீனுக்குப் பழப்புளிக்குப் பதிலாகக் கொறுக்காய்ப்புளியும் மிளகும் சேர்த்து வற்றவைக்கும் அம்புல்தியலை மதிலுக்கு அப்பாலிருந்து கற்பித்தவர் சிங்கள அயல்வீட்டுக்காரி. இவர்கள் எல்லோரையும்விடப் பெரிய பங்கு ஒருவருக்கு உண்டு. அவரைப் பற்றி நம்மவர் பேசுவது அரிது. கொழும்புத் தமிழ் வீடுகள் பலவற்றில், மலையகத் தோட்டங்களிலிருந்து சிறு வயதிலேயே வேலைக்கு வந்து, தேங்காய் திருவி, அம்மியில் அரைத்து, நாளடைவில் அந்த வீட்டின் உப்பையும் உறைப்பையும் தாமே தீர்மானித்த பெண்கள் இருந்தார்கள். "அம்மாவின் கறி" என்று பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து ஏங்கும் கறிகளில் எத்தனை அவர்கள் வைத்தவை என்பதைப் பல அம்மாக்களே அறிவார்கள். உங்கள் வீட்டில் அப்படி இருந்திராமலும் போகலாம். இருந்திருந்தால், முகம் தெரியாதவர்களிடம் கற்பது பற்றிய உங்கள் கேள்வியைச் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

இன்னொருவரும் இருக்கிறார். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் பாட்டில், தயிர் பிசைந்த விரலை உடுத்த துணியிலேயே துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் பட மனைவி தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் "இனிது" என்று உண்கிறான். அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. இதைக் கண்டுவந்து அவளைப் பெற்ற நற்றாயிடம் சொல்பவள், அவளை வளர்த்த செவிலி. அந்தச் செவிலி அகப்பையைப் பிடுங்கித் தான் கிண்டிக் காட்டியதாகப் பாட்டில் இல்லை என்பதை மாமிமார் கவனிக்கலாம். நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது அந்தக் கணவனை. சமைப்பவரின் அடுத்த நாள் சமையலைத் திருத்துகிறவர் உண்பவரே. "உப்புக் கூடிவிட்டது", "தூள் பச்சை வாசம் அடிக்கிறது", "முதற்பாலை விட்ட பிறகு அதிகம் கொதித்துவிட்டது" என்பவை பாடங்கள். "அம்மா வைத்தது போல இல்லை" என்பதிலிருந்து எவரும் எதையும் கற்க முடியாது. 4 ஆண்டுகளாக நீங்கள் இந்த ஒன்றையே சொல்லி வந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலிருந்து ஊகிக்கிறேன்.

ஆகவே, வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் தாயாரிடம் நீங்களே போய், தூளுக்கு மிளகாய் எவ்வளவு, மல்லி எவ்வளவு என்று கேட்டு எழுதி வாருங்கள். அவர் "ஒரு கை" என்றுதான் சொல்வார். போகும்போது ஒரு தராசையும் கொண்டுபோய், அந்தக் கை அள்ளுவதை நிறுத்துப் பாருங்கள்.