ஏழு பேர் படிச்சதுல என்ன தப்பு?

கேள்வி: ரெண்டு வருஷம் உக்காந்து எழுதின நாவலை ஒரு சின்ன பதிப்பகத்துக்கு அனுப்பினேன். அவங்க அதை ஏழு வாசகர்கள்கிட்ட குடுத்து படிக்க வெச்சிருக்காங்க. மூணு மாசம் கழிச்சு "எங்க வாசகர் குழுவுக்கு ஒத்து வரல"ன்னு ஒரே வரியில மெயில் வந்துச்சு. எந்த புக் வரணும்னு வாசகர்கள் ஓட்டு போட ஆரம்பிச்சா இலக்கியம் என்ன ஆகறது? அவங்களுக்கு என்ன தெரியும்? அப்புறம் எடிட்டர்னு ஒருத்தர் எதுக்கு?

பதில்: உங்க கேள்விக்குள்ள ரெண்டு விஷயம் பின்னிக் கிடக்குது. ஒண்ணுல நியாயம் இருக்கு, அதுக்கு கடைசியில வர்றேன். ஆனா "அவங்களுக்கு என்ன தெரியும்"னு கேட்டீங்க பாருங்க, அதை என்னால ஏத்துக்கவே முடியல. உங்க நாவல் நாளைக்கு அச்சாகி வந்தா காசு குடுத்து வாங்கி ராத்திரி கண்ணு முழிச்சு படிக்கப் போறது யாரு, அதே ஆளுங்கதானே. அச்சானதுக்கு அப்புறம் அவங்க பாராட்டு உங்களுக்கு வேணும், அச்சாகறதுக்கு முன்னாடி அவங்க கருத்து மட்டும் வேணாமா?

தெரிஞ்சவங்க மட்டும் படிச்சு முடிவு பண்ணின காலத்துல என்ன நடந்துச்சுன்னு ஒரு கதை சொல்றேன். வில்லியம் கோல்டிங்கோட முதல் நாவலை பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பினதுக்கு அப்புறம் அது லண்டன்ல ஃபேபர் பதிப்பகத்துக்கு வந்துச்சு. அங்க சம்பளத்துக்கு படிக்கறவங்க, வருஷக்கணக்கா அதே வேலையா இருந்தவங்க, சாரமில்லாத குப்பைங்கற மாதிரி குறிப்பு எழுதி தள்ளி வெச்சுட்டாங்க. தள்ளி வெச்ச கட்டுலேருந்து அதை எடுத்துப் படிச்சவர் சார்லஸ் மான்டீத், சட்டம் படிச்சுட்டு வந்தவர், பதிப்பக வேலையில சேர்ந்து ஒரு வருஷம் கூட ஆகல. அவர்தான் விடாம பேசி அதை வர வெச்சார். 1954ல வந்த 'லார்ட் ஆஃப் தி ஃப்ளைஸ்' அதுதான், எழுதினவருக்கு 1983ல நோபல் கிடைச்சுது. அனுபவம் இருந்தவங்க கண்ணுல படாதது வாசகன் மாதிரி உக்காந்து படிச்சவர் கண்ணுல பட்டுடுச்சு. இந்தக் கதையோட பின்பாதியையும் சொல்லணும், உங்க மூணாவது கேள்விக்கு அதுலதான் பதில் இருக்கு. புடிச்சிருக்குன்னு சொன்னதோட மான்டீத் நிறுத்திக்கல. ஆரம்பத்துல இருந்த அணுகுண்டுப் போர் பகுதியை எடுக்க சொன்னார், இன்னும் பல இடத்துல வெட்டவும் மாத்தவும் சொன்னார், கோல்டிங் செஞ்சு குடுத்தார். ஒரு புக்கை புடிச்சுப் போறது வாசகரோட வேலை, அதுக்கு அப்புறம் எழுத்தாளர் கூட உக்காந்து மாசக்கணக்கா மல்லுக்கட்டறது எடிட்டரோட வேலை, ஏழு பேர் படிச்சதால அந்த ரெண்டாவது வேலை குறைஞ்சுடாது.

சின்ன பதிப்பகத்துக்கு வாசகர்கள் ஏன் தேவைப்படறாங்கன்னும் யோசிச்சுப் பாருங்க. ரெண்டு மூணு பேர் வேலை செய்யற இடம், வருஷத்துக்கு பத்து புக் போட்டாலே பெரிசு, ஆனா வந்து குவியற பிரதிகள் நூத்துக்கணக்குல. ஒரே எடிட்டர் எல்லாத்தையும் படிக்கணும்னா முதல் பத்து பக்கத்தைப் பாத்துட்டு தூக்கி வைக்க வேண்டியதுதான். பல இடத்துல நடக்கறதும் அதுதான், வெளிய சொல்ல மாட்டாங்க. உங்க நாவலை ஏழு பேர் கடைசி வரைக்கும் படிச்சாங்கன்னா, அச்சாகாத ஒரு பிரதிக்கு கிடைக்கிற மரியாதையில அது ரொம்ப அபூர்வம்.

மொழிபெயர்ப்புன்னு வந்தா இது இன்னும் முக்கியம். இங்கிலாந்துல 'அண்ட் அதர் ஸ்டோரீஸ்'னு ஒரு சின்ன பதிப்பகம், ஸ்டெஃபான் டோப்ளர்ங்கற மொழிபெயர்ப்பாளர் 2009ல ஆரம்பிச்சது, லாப நோக்கம் இல்லாத அமைப்பு. இன்னும் இங்கிலீஷுக்கு வராத புக்குகளை மூல மொழியிலயே படிக்கத் தெரிஞ்ச வாசகர்களை, ஸ்பானிஷுக்கு ஒரு குழு போர்ச்சுகீஸுக்கு ஒரு குழுன்னு கூட்டி உக்கார வெச்சு பேச வெச்சாங்க, அதைக் கேட்டுட்டுதான் எதை எடுக்கலாம்னு யோசிச்சாங்க. ஒரு எடிட்டருக்கு எத்தனை மொழி தெரியும், ரெண்டு, மிஞ்சிப்போனா நாலு. மத்த மொழிகளுக்கு, உரிமையை விக்கற ஏஜென்ட் அனுப்பற கேட்லாகையும் இருபது பக்க சாம்பிளையும் நம்பி முடிவு எடுக்கணும். முழு புக்கையும் மூலத்துல படிச்ச ஒரு வாசகர், முன்னூறு பக்கம் தாண்டினதும் கதை தொய்யுதுன்னு சொன்னா, அந்த வார்த்தை விலைமதிக்க முடியாதது, ஏன்னா விக்கறதுல அவருக்கு பைசா லாபம் இல்ல.

அந்தப் பதிப்பகம் நிக்கறதுக்கு ஒரு முக்கியமான காரணம் சந்தா. வருஷத்துக்கு இத்தனை புக்னு முன்கூட்டியே பணம் கட்டறவங்க பேரை புக்கோட கடைசிப் பக்கங்கள்ல அச்சடிக்கறாங்க. பணம் முன்னாடி வாங்கி புக் போடறது ஒண்ணும் புதுசு இல்ல, 1887ல வந்த சீவகசிந்தாமணியை பதிப்பிக்க உ.வே.சா. கையொப்பக்காரர்களை சேர்த்தது நம்ம எல்லாருக்கும் தெரிஞ்ச கதைதான். பணத்தோட சேர்த்து கருத்தையும் கேக்கறதுதான் இங்க புதுசு. அந்த சந்தாதாரர்கள் பின்னாடி நின்ன தைரியத்துல அவங்க என்ன போட்டாங்கன்னு பாருங்க. டெபோரா லெவியோட 'ஸ்விம்மிங் ஹோம்' நாவலை இலக்கியத்தனம் ஜாஸ்தி, இந்த மார்க்கெட்ல போகாதுன்னு பெரிய பதிப்பகங்கள் தள்ளிவிட்டாங்க, இவங்க 2011ல போட்டாங்க, அடுத்த வருஷமே புக்கர் பரிசு இறுதிப் பட்டியலுக்கு வந்துச்சு. 2025ல சர்வதேச புக்கர் வாங்கின பானு முஷ்தாக்கோட 'ஹார்ட் லாம்ப்', கன்னடத்துலேருந்து தீபா பஸ்தி மொழிபெயர்த்த சிறுகதைத் தொகுப்பு, அதை இங்கிலாந்துல போட்டதும் இவங்கதான். ஒரு சிறுகதைத் தொகுப்புக்கு அந்தப் பரிசு கிடைச்சது அதுதான் முதல் தடவை. இந்த புக்கையெல்லாம் வாசகர் குழுதான் கண்டுபிடிச்சு குடுத்துச்சுன்னு நான் சொல்ல வரல. வாசகர்களை இவ்வளவு கிட்டத்துல வெச்சிருக்கற ஒரு பதிப்பகம் இலக்கியத்துல கீழ இறங்கிப் போகலங்கறதுக்கு சொல்றேன், நீங்க பயந்தது அதைத்தானே.

இப்ப ஓட்டு விஷயத்துக்கு வர்றேன். ஓட்டு போட்டு புக் எடுத்தா நாசமாப் போகும், இதுல நான் உங்க பக்கம்தான், நாங்களே பட்டிருக்கோம். எங்க பத்திரிகையோட சேர்ந்த சின்ன பதிப்பகத்துக்கும் பிரதிகளை வாசகர்கள் படிச்சு சொல்றாங்க. ஆரம்பத்துல பத்துக்கு எத்தனை மார்க்னு கேட்டோம். அப்ப ரெண்டு நாவல் கையில இருந்துச்சு. முதல் நாவலுக்கு ஒன்பது பேரும் ஆறு, ஏழுன்னு போட்டாங்க. ரெண்டாவதுக்கு ரெண்டு பேர் பத்துக்கு பத்து, நாலு பேர் மூணு, மிச்ச மூணு பேர் அஞ்சு. சராசரி பாத்து முதல் நாவலைப் போட்டோம். அது யாரையும் தொந்தரவும் பண்ணல, யாரும் ஞாபகமும் வெச்சுக்கல, கட்டுக்கட்டா கிடந்துச்சு. ரெண்டாவது நாவலைப் பத்தி அந்த ஒன்பது பேரும் சந்திக்கும்போதெல்லாம் இன்னைக்கு வரைக்கும் சண்டை போடறாங்க, ஆனா புக் எங்க கையை விட்டுப் போயிடுச்சு. எனக்கு அது இன்னும் வலிக்குது. சின்ன பதிப்பகத்துக்கு 'பரவாயில்ல'ன்னு சொல்ற பத்தாயிரம் பேர் வேணாம், அடுத்தவன் கையில திணிச்சு படிச்சே ஆகணும்னு சொல்ற ஐநூறு பேர் போதும், அந்த ஐநூறு பேரை சராசரி மார்க்கு மறைச்சுடுது.

அதுக்கப்புறம் மார்க்கு கேக்கறதையே விட்டுட்டோம். எந்தப் பக்கத்துல கீழ வெச்சீங்க, ஏன், மறுபடி எடுத்தீங்களா, எந்த இடத்தையாவது பக்கத்துல இருக்கறவங்களுக்கு படிச்சுக் காட்டினீங்களா, முடிச்சதும் யார் ஞாபகம் வந்துச்சு, இப்படித்தான் கேக்கறோம். 'நல்லாருக்கு'ன்னு ஒரு வரி எழுதி அனுப்பினா திருப்பி அனுப்பிடுவோம். எல்லாரும் சேர்ந்து பேசறதுக்கு முன்னாடி தனித்தனியா எழுதிக் குடுக்கணும், இல்லன்னா சத்தமா பேசறவர் கருத்தே எல்லார் கருத்தும் ஆயிடும். எழுதினவர் பேர் பிரதியில இருக்காது. பேர் பெத்த பிரிட்டிஷ் எழுத்தாளர் டோரிஸ் லெஸ்ஸிங், தன் பேரை மறைச்சு ஜேன் சோமர்ஸ்ங்கற பேர்ல ஒரு நாவலை அனுப்பினப்ப அவங்க வழக்கமான பதிப்பகமே வேணாம்னு சொல்லி, 1983ல அதை வேற ஒரு பதிப்பகம் போட்டுச்சு. பேருக்கு அவ்வளவு கனம் இருக்கு, அதை எடுத்துட்டாதான் புது ஆளும் பழைய ஆளும் ஒரே வரிசையில நிக்க முடியும். எழுதினவரை தெரிஞ்சவங்க இருந்தா அந்தப் பிரதிக்கு ஒதுங்கிக்கணும். குழுவுல எல்லாரும் இலக்கியம் படிச்சவங்களா இருந்தா எல்லா ரிப்போர்ட்டும் ஒரே மாதிரிதான் வரும், அதனால வேற வேற வேலை பாக்கறவங்களா தேடி சேர்க்கறோம். ஒரு நாவல்ல ஐசியூவுல ராத்திரி முழுக்க அம்மா கட்டில் பக்கத்துல மகன் உக்காந்து பேசிட்டே இருப்பான், மொத்த அத்தியாயமும் அதை நம்பித்தான் நிக்குது. மூணு எடிட்டர்கள் படிச்சு கண்ணு கலங்கினோம். குழுவுல இருந்த ஒரு நர்ஸ்தான், ஐசியூவுல ராத்திரி பூரா அப்படி உக்கார யாரும் விட மாட்டாங்களேன்னு ஒத்தை வரி எழுதினாங்க. எழுத்தாளர் அந்த அத்தியாயத்தை வெளிய வராந்தாவுக்கு மாத்தினார், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மகன், அந்தப் பக்கம் அம்மா. முன்ன இருந்ததை விட பத்து மடங்கு நல்லா வந்துச்சு.

சரி, உங்க நியாயத்துக்கு வர்றேன். "வாசகர் குழுவுக்கு ஒத்து வரல"ன்னு ஒத்தை வரி எழுதினது தப்பு, பெரிய தப்பு. முடிவு எடுக்கறது எடிட்டர், வாசகர்கள் சொல்றதைக் கேட்டுட்டு அதுக்கு எதிராவும் எடுக்கலாம், நானே ரெண்டு தடவை எடுத்திருக்கேன், ஒரு தடவை நான் தோத்தேன், ஆனா எடுத்தது நான்னு என் பேர்லதான் சொன்னேன். பாராட்டு வரும்போது என் தேர்வுன்னும் மறுக்கும்போது வாசகர் குழுன்னும் சொல்ற எடிட்டர் அந்த ஏழு பேருக்கும் துரோகம் பண்றார், உங்களுக்கும் பண்றார். உங்க பிரதியை இத்தனை பேர் படிப்பாங்கன்னு அனுப்பும்போதே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். சம்பளம் வாங்காம நானூறு பக்கம் படிச்சுக் குடுத்த அந்த வாசகர்களுக்கும் அவங்க எழுதின ரிப்போர்ட்டால என்ன ஆச்சுன்னு தெரியணும், புக் வந்தா ஒரு பிரதியும் நன்றிப் பக்கத்துல பேரும் தரணும். இல்லன்னா அது இனாமா வாங்கின உழைப்பு.

அதனால கோவத்தை ஒரு வாரம் தள்ளி வெச்சுட்டு அந்தப் பதிப்பகத்துக்கு ஒரு மெயில் போடுங்க. எடிட்டர் படிச்சாரான்னு நேரடியா கேளுங்க. பேரை எடுத்துட்டு ஏழு ரிப்போர்ட்டையும் அனுப்ப சொல்லுங்க, மனசுள்ள பதிப்பகமா இருந்தா அனுப்புவாங்க. வந்ததும் யார் திட்டியிருக்காங்கன்னு பாக்காதீங்க, பக்க நம்பரைப் பாருங்க. நாலு பேர் ஒரே இடத்துல கீழ வெச்சிருந்தா அதுக்கு முன்னாடி இருக்கற இருபது பக்கத்தை சத்தமா படிச்சுப் பாருங்க. ஆளுக்கொரு பக்கத்துல நிறுத்தியிருந்து, ஒருத்தர் மட்டும் விடாம முழுசா படிச்சு உங்களுக்காக சண்டை போட்டிருந்தா, நாவல்ல கை வைக்காம அடுத்த பதிப்பகத்துக்கு அனுப்புங்க, கூடவே அந்த ஒருத்தர் எழுதின ரிப்போர்ட்டையும் அவர் சம்மதம் வாங்கி இணைச்சு அனுப்புங்க.