காலையில் ஸ்லோகம்: கேட்டதும் சொன்னதும்

கேள்வி: மாமி, தமிழ் எழுத்தில் விஷ்ணு ஸஹஸ்ரநாமப் புத்தகம் வாங்கினேன். எழுத்துகளுக்கு மேலே 2, 3, 4 என்று குட்டிக் குட்டியாக எண்கள். அத்தனை முறை சொல்ல வேண்டுமா?

பதில்: இல்லைம்மா, அது உச்சரிப்புக்கு. ஸம்ஸ்கிருதத்தில் 'ப' நான்கு விதம், நமக்கு எழுத்து ஒன்றுதான். எண் இல்லாவிட்டால் 'பழம்' ப. 3 என்றால் 'கம்பம்' என்பதில் நடுவில் வருகிற ப. 2 முதலாவதோடும் 4 மூன்றாவதோடும் மூச்சு சேர்ந்தவை. முதல் வரியிலேயே "பூதபவ்யபவத்ப்ரபு:" என்று வருகிறதே, அதில் ஐந்து ப. 'ப்ர'வில் இருப்பது மட்டும் பழத்து ப, மற்ற நான்குக்கும் 4 போட்டிருக்கும். உள்ளங்கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள், அந்த நான்கு இடத்திலும் காற்று கையில் பட வேண்டும். கடைசியில் இருக்கும் இரண்டு புள்ளியை விழுங்கிவிடாமல் 'ப்ரபுஹு' என்று மெல்ல முடியுங்கள். நடந்தது, நடக்கப் போவது, நடப்பது எல்லாவற்றுக்கும் அதிபதி என்று அர்த்தம்.

கேள்வி: பக்தி இருந்தால் போதாதா?

பதில்: போதும். தப்பாகச் சொன்னால் பாவம் என்று பயமுறுத்துகிறவர்களை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. ஆனால் 'ஸ்வஜன' என்றால் சொந்த ஜனம், 'ஶ்வஜன' என்றால் நாய்க் கூட்டம், நடுவில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். பெருமாளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறோம், அதைச் சரியாகத்தான் கூப்பிடுவோமே.

கேள்வி: குளிக்காமல் சொல்லலாமா?

பதில்: 'கராக்ரே வஸதே' கண் விழித்ததும் உள்ளங்கையைப் பார்த்துச் சொல்வது. 'ஸமுத்ரவஸனே' தரையில் கால் வைக்கும் முன் பூமாதேவியிடம் மன்னிப்புக் கேட்பது. இரண்டுமே படுக்கையில் சொல்ல வேண்டியவை, அப்புறம் எங்கே குளிப்பது! ஸஹஸ்ரநாமம் எங்கள் வீட்டில் குளித்த பிறகுதான். உங்கள் வீட்டு வழக்கப்படி செய்யுங்கள்.

கேள்வி: சமைத்துக்கொண்டே சுப்ரபாதம் ஓடவிட்டுக் கேட்கிறேன். கணக்கில் சேருமா அக்கா?

பதில்: தாராளமாக. ஆனால் வாரம் ஒரு ஸ்லோகத்தையாவது கூடவே சொல்லிப் பழகுங்கள். வேங்கடேச சுப்ரபாதம் வைணவ ஆசார்யர் மணவாள மாமுனிகளின் சீடரான பிரதிவாதி பயங்கரம் அண்ணன் செய்தது. அதில் நான்கு பகுதி: சுப்ரபாதம் 29, ஸ்தோத்ரம் 11, ப்ரபத்தி 16, மங்களாசாஸனம் 14, ஆக 70 ஸ்லோகம். முதலில் வரும் 'கௌஸல்யா ஸுப்ரஜா' மட்டும் வால்மீகி ராமாயணம், பாலகாண்டத்தில் விச்வாமித்திரர் ராமனை எழுப்புகிற இடம். சரயு நதிக்கரையில் படுத்துக் கிடக்கிற பிள்ளையை அம்மா பேரைச் சொல்லி எழுப்புகிறார் பாருங்கள், அது தெரிந்த பிறகு எனக்கு அந்த வரியை வேகமாகச் சொல்லவே வருவதில்லை.

கேள்வி: மார்கழியிலும் அதுவேதானா?

பதில்: திருமலையிலேயே மார்கழியில் சுப்ரபாதத்துக்குப் பதில் திருப்பாவைதான். வீட்டிலும் அப்படியே செய்யலாம்.

கேள்வி: வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஸஹஸ்ரநாமத்தை 15 நிமிஷத்தில் முடித்துவிடுகிறேன். சரியா?

பதில்: சரியில்லை, வார்த்தை தேய்ந்துவிடும். பெரும்பாலும் அனுஷ்டுப் என்கிற செய்யுள் அளவுதான், எட்டெட்டு எழுத்தாக நான்கு பாதம். இரண்டு பாதத்துக்கு ஒரு மூச்சு எடுத்துச் சொன்னால் அரை மணி ஆகும். நேரமில்லாத நாளுக்கு வழி உள்ளேயே இருக்கிறது. சுலபமாக ஒன்று சொல்லுங்கள் என்று பார்வதி கேட்டதற்குப் பரமசிவன் சொன்னது 'ஸ்ரீராம ராம ராமேதி'. அதை மூன்று முறை, நிறுத்தி, நிதானமாகச் சொல்லிவிட்டுப் பஸ் பிடியுங்கள்.