குளக்கரையில் எங்கே நிற்பது?

குழந்தைகளுடன் இயற்கை நடை செல்வது குறித்து வந்த வாசகர் கடிதங்களுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறேன்.

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. குளமும் புல்வெளியும் உள்ள நடைபாதை ஒன்றில் முப்பது மாணவர்களை இரண்டு மணி நேரம் அழைத்துச் சென்றேன். முடிவில், "ஒன்றுமே இல்லை, டீச்சர்" என்றார்கள். பேசாமல் உயிரியல் பூங்காவுக்கே அழைத்துச் சென்றிருக்கலாமோ?

பதில்: குறை இடத்தில் இல்லை, நடையில் இருக்கிறது. முப்பது பேர் வரிசையாக வந்தால் அறுபது கால்களின் அதிர்வு அவர்களுக்கு முன்னதாகவே கரைக்குப் போய்விடும். முதல் மாணவன் நீரை எட்டுவதற்குள் தவளைகள் குதித்து மறைந்திருக்கும், வெட்டுக்கிளிகள் புல்தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்திருக்கும். அடுத்த முறை நடக்கும் தொலைவைக் குறைத்து, நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். மாணவர்களை ஐந்தைந்து பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுடனும் பெரியவர் ஒருவரை அனுப்பி, நீரோரத்தில் ஓரிடம், புல்வெளியில் ஓரிடம் என இரண்டே இடங்களில் அரை மணி நேரம் உட்கார வைத்தால் போதும்.

நீரோரத்தில் உட்காரும்போது நம் நிழல் நீரின் மேல் விழக் கூடாது. முதல் இரண்டு நிமிடங்களுக்கு உண்மையிலேயே ஒன்றும் தென்படாது. பெரும்பாலான குழுக்கள் அந்த நேரத்தில்தான் சலித்து எழுந்துவிடுகின்றன. பொறுத்திருந்தால், நீர்ப்பரப்பின் மேல் நடக்கும் நீளக்கால் பூச்சிகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். வெயிலும் இருந்து, நீரும் தெளிவாக இருந்தால், பூச்சியைக் காட்டுவதற்கு முன் குளத்தின் அடித்தரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இழை போன்ற காலுக்கு இழை போன்ற நிழல்தானே விழ வேண்டும்? அடியிலோ வட்ட வட்டமான கரும்பொட்டுகள் நகர்ந்துகொண்டிருக்கும். பூச்சியின் கால் நீரின் மேற்பரப்பைக் கிழிக்காமல் சிறு குழியாக அமுக்குகிறது. அந்தக் குழியின் வளைவு ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடுவதால், நிழல் காலைவிடப் பன்மடங்கு பெரிதாகிவிடுகிறது. காலில் அடர்ந்திருக்கும் நீர் ஒட்டாத நுண்மயிர்களே அதை மூழ்காமல் காக்கின்றன. நடுக்கால்கள் துடுப்பாகவும், பின்கால்கள் திசை திருப்பவும் பயன்பட, குட்டையான முன்கால்கள் இரையைப் பற்றுவதற்கென்றே இருக்கின்றன. எறும்பு ஒன்று தவறி நீரில் விழுந்து துடித்தால், அது எழுப்பும் சிற்றலைகளைக் காலால் உணர்ந்தே இந்தப் பூச்சி அதை நோக்கி விரைகிறது. இவ்வளவையும் நீங்கள் அங்கேயே விளக்கத் தேவையில்லை. நிழல் ஏன் வட்டமாக இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு, பதில் சொல்லாமல் இருங்கள். ஆசிரியர்களுக்கு இது எளிதல்ல என்பதை அறிவேன்.

கேள்வி: என்னென்ன கருவிகள் வாங்க வேண்டும்? கடைகளில் விற்கும் பூச்சி ஆய்வுப் பெட்டி அவசியமா?

பதில்: அவசியமில்லை. வெள்ளை நிறத் தட்டு ஒன்று, சமையலறையில் கழித்துப் போட்ட வடிகட்டி, ஒரு கரண்டி, மென்மையான தூரிகை, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ் ஆகியவை இருந்தால் போதும். தட்டு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். குளத்துப் பூச்சிகள் பெரும்பாலும் சேற்றின் நிறத்தில் இருப்பதால், அவை அசைந்தாலும் இருண்ட பாத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாது. தட்டில் முதலில் குளத்து நீரையே ஊற்றி, பிறகு நீர்ச்செடிகளின் அடியில் வடிகட்டியை மெல்ல ஓட்டி, அதைத் தட்டில் கவிழ்க்க வேண்டும்.

கேள்வி: என் எட்டு வயது மகள் நாலைந்து தலைப்பிரட்டைகளையும், பழுப்பு நிறத்தில் ஆறு கால்கள் கொண்ட, அசையாமல் கிடந்த ஒரு பூச்சியையும் ஒரே தட்டில் விட்டாள். சற்று நேரத்தில் அந்தப் பூச்சி ஒரு தலைப்பிரட்டையைத் தின்னத் தொடங்கியது. மகள் அழுதுவிட்டாள். அது என்ன பூச்சி?

பதில்: நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால், அது தட்டானின் இளம் பருவமாகத்தான் இருக்க வேண்டும். குழந்தைகளிடம் தட்டான் குஞ்சு என்றே சொல்லலாம். பாடநூல் சொல்லைவிட அது மனத்தில் நிற்கும். வானில் பறக்கும் தட்டான் தன் வாழ்நாளின் பெரும்பகுதியை இப்படி நீருக்கடியில்தான் கழிக்கிறது. சில வகைகளில் இப்பருவம் சில வாரங்களில் முடிந்துவிடும். குளிர்நாட்டு வகைகள் சிலவற்றுக்கு ஆண்டுக்கணக்கில் நீளும்.

உங்கள் மகள் கண்டது, பலர் பல ஆண்டுகள் குளக்கரைக்குப் போயும் காணாத காட்சி. தட்டான் குஞ்சின் கீழுதடு, முழங்கையை மடக்கியது போலத் தலைக்கு அடியில் மடிந்திருக்கும். அதன் நுனியில் கொக்கிகள் உள்ளன. இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் அந்த உதடு இமைப்பொழுதில் முன்னே பாய்ந்து, கவ்வி, வாய்க்கு இழுத்துக்கொள்ளும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அது மூச்சு விடுவதற்கான செவுள்கள் குடலின் கடைசிப் பகுதிக்குள் இருப்பதால், பின்புறமாக நீரை உள்ளே இழுத்து வெளியே விடுகிறது. ஆபத்து நேரிட்டால் அதே நீரை வேகமாகப் பீய்ச்சி முன்னோக்கிப் பாய்கிறது. இதைச் சொன்னால் அழுகிற குழந்தையும் சிரித்துவிடும். வாலில் இலை போன்ற மூன்று தகடுகளுடன் ஒல்லியான பூச்சி கிடைத்தால், அது ஊசித்தட்டானின் குஞ்சு. அந்தத் தகடுகளும் செவுள்களே.

இரையையும் வேட்டைக்காரனையும் ஒரே தட்டில் விட்ட தவற்றை நானும் செய்திருக்கிறேன், அதுவும் ஒரு முறை அல்ல. அதன் பிறகுதான் சிறு கிண்ணம் ஒன்றைத் தனியாக எடுத்துச் செல்லத் தொடங்கினேன். ஆனால் அந்தத் தலைப்பிரட்டைக்காக வருந்தும் மகளிடம், குளத்தில் இது நாள்தோறும் நடக்கிறது என்பதை மறைக்க வேண்டாம். அடுத்த நடையின்போது, நீரிலிருந்து நிமிர்ந்து நிற்கும் கோரைத் தண்டுகளில் தேடச் சொல்லுங்கள். முதுகில் பிளவுபட்ட வெற்றுத்தோல் ஒன்று, பூச்சியின் வடிவம் குலையாமல், தண்டை இறுகப் பற்றியபடி ஒட்டியிருக்கக்கூடும். அந்தப் பிளவிலிருந்து வெள்ளை நூலிழைகள் சில தொங்கும். அவை உடலுக்குள் ஓடிய மூச்சுக்குழாய்களின் உள்தோல். தட்டான் வெளியேறும்போது தன் மூச்சுக்குழாய்களின் பழைய தோலையும் சேர்த்தே உரித்துப் போட்டுவிட்டுப் பறந்திருக்கிறது. குளத்திலிருந்து வீட்டுக்கு எதையாவது கொண்டுவந்தே தீர வேண்டும் என்று அடம் பிடிக்கும் குழந்தைக்கு, விதிகள் தடுக்காத இடமாக இருந்தால், இதைக் கொடுக்கலாம்.

கேள்வி: நீளமான வாலுள்ள தேள் ஒன்றைக் குளத்தில் கண்டதாக மகன் சொல்கிறான். நீரில் இறங்க அனுமதிக்கலாமா?

பதில்: அது நீர்த்தேள் எனப்படும் பூச்சி. வாலாகத் தெரிவது கொடுக்கு அன்று. நீர்ப்பரப்புக்கு மேலே நீட்டிக் காற்றை உறிஞ்சும் மூச்சுக்குழல். எனினும் அதன் வாய் கூர்மையானது. மல்லாந்து நீந்தும் பூச்சியும், விரல் நீளத்துக்கு வளரும் பெரிய நீர்ப்பூச்சிகளும் வலிக்கும்படி குத்தக்கூடியவை. ஆகவே கையால் அள்ளாமல் கரண்டியைப் பயன்படுத்த வேண்டும்.

நீரில் இறங்குவதற்கு என் பதில், கூடாது என்பதே. உண்மையான ஆபத்து பூச்சிகளிடம் இல்லை. ஆழத்திலும் சேற்றிலும்தான் இருக்கிறது. கரையில் மண்டியிட்டோ, குப்புறப் படுத்தோ எட்டும் தொலைவுக்குள் பார்த்தால் போதும். உயிர்கள் அதிகம் இருப்பதும் செடிகள் அடர்ந்த அந்த ஓரத்தில்தான். எலிக்காய்ச்சல் கிருமி நீர் வழியாகவும் பரவும் என்பதால், கையில் காயம் இருந்தால் நீர் புகாத கட்டுப் போட்டு மூட வேண்டும். சாப்பிடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கேள்வி: எனக்குப் பத்து வயது. புல்லில் யாரோ துப்பிய எச்சில் போல நுரை இருந்தது. தொட அருவருப்பாக இருந்தது. அது யாருடைய எச்சில்?

பதில்: யாருடைய எச்சிலும் அல்ல, தம்பி. நுரைக்குள் ஒரு பூச்சிக் குஞ்சு தலைகீழாக உட்கார்ந்து செடியின் சாற்றைக் குடித்துக்கொண்டிருக்கிறது. அந்தச் சாற்றில் சத்து மிகக் குறைவு என்பதால் ஏராளமாகக் குடிக்கிறது; மிஞ்சியதைப் பின்புறமாக வெளியேற்றி, அதில் காற்றை அடைத்து நுரையாக்குகிறது. மெல்லிய தோலுள்ள அந்தக் குஞ்சு வெயிலில் காயாமலும், எதிரிகளின் கண்ணில் படாமலும் இருக்க அந்த நுரையே வீடு. அடுத்த முறை புல்நுனியால் நுரையை மெல்ல விலக்கிப் பார். வெளிறிய பச்சை நிறத்தில் ஓர் உருவம் தெரியும். பிறகு அப்படியே விட்டுவிடு, அது மீண்டும் நுரை கட்டிக்கொள்ளும்.

அங்கேயே இன்னொன்றையும் தேடு. வெட்டுக்கிளியின் உணர்கொம்பு குட்டையாகவும், சில்வண்டின் உணர்கொம்பு உடலைவிட நீளமாகவும் இருக்கும். சில்வண்டின் காது அதன் முன்காலில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. வெட்டுக்கிளியின் காது வயிற்றின் பக்கவாட்டில், இறக்கைக்கு அடியில் இருக்கிறது. கைலென்ஸ் கொண்டுபோக மறக்காதே.

கேள்வி: தலைப்பிரட்டைகளை வீட்டுத் தொட்டியில் வளர்த்து, தவளையானதும் வேறு குளத்தில் விடலாமா?

பதில்: வேண்டாம். தவளைகளின் தோலைத் தாக்கும் பூஞ்சை நோய் ஒன்று 1990களின் இறுதியில் கண்டறியப்பட்டது. உலகின் பல பகுதிகளில் தவளை இனங்கள் அருகியதற்கும் அழிந்ததற்கும் அது காரணமாக இருந்திருக்கிறது. அது நீர் வழியாகப் பரவுவது. ஒரு குளத்தின் தவளையையோ, ஈரமான வலையையோ இன்னொரு குளத்துக்குக் கொண்டுபோவது அந்த நோய்க்கு நாமே வண்டி ஓட்டுவதாகும். வடிகட்டியும் தட்டும் வெயிலில் முழுமையாக உலர்ந்த பிறகே அடுத்த இடத்துக்குச் செல்ல வேண்டும்.

வளர்ச்சியைப் பார்க்கத்தான் ஆசை என்றால், வாரம் ஒருமுறை அதே குளத்தின் அதே ஓரத்துக்குப் போங்கள். முதலில் பின்கால்கள் வெளிப்படும், அதன் பிறகே முன்கால்கள். வால் விழுந்துவிடுவதில்லை, உடலே அதை உட்கொண்டுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் பத்து நிமிடங்களுக்கு மேல் தட்டில் வைக்காமல், தட்டை நீர்மட்டம் வரை தாழ்த்திச் சாய்த்து, உயிர்கள் தாமாகவே நீந்திப் போகும்படி விடுங்கள். கிளம்பும் முன் வடிகட்டியின் உட்புறத்தை ஒருமுறை பார்ப்பது நல்லது. சிறு நத்தைகள் பெரும்பாலும் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும்.