புற்றுநோய்க் கலங்களைத் தாமாகவே சாகவைக்கும் குளிசை உண்மையில் வேலை செய்யுமா? வெறும் 20 மில்லிகிராமில் தொடங்குகிறார்களே, போதுமா?

இப்படிக் கேட்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டில் யாருக்கோ அந்தக் குளிசையை, வெனெட்டோகிளாக்ஸை, எழுதித் தந்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். நான் டொக்டர் இல்லை, அப்பாவோடு கூடவே நின்ற மகள். "நெட்டில் படித்துவிட்டுக் கதைக்கிறாள்" என்று சொல்ல வருகிறவர்கள் தங்கள் டொக்டரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

அப்பாவுக்கு சீஎல்எல் என்கிற நாட்பட்ட இரத்தப் புற்றுநோய். 17ஆம் நிறமூர்த்தத்தில் ஒரு துண்டு இல்லை, அதோடு பி53 மரபணுவும் போய்விட்டது என்றார்கள். வழமையான கீமோ பெரும்பாலும் பி53ஐ நம்பித்தான் கலத்தைக் கொல்லும். அதனால்தான் இந்தக் குளிசை. கலத்துக்குள்ளேயே சாகும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 1972இல் அதற்கு அபொப்டோசிஸ் என்று பேர் வைத்தார்கள், கிரேக்க மொழியில் இலை உதிர்வது. சீஎல்எல் கலங்களில் பிசிஎல்-2 என்ற புரதம் மிஞ்சிப்போய், சாகவைக்கும் புரதங்களை இறுக்கிப் பிடித்து வைத்திருக்கும். குளிசை அந்தப் பிடிக்குள் போய் உட்கார்ந்தால் அவை விடுபட்டு, கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியில் ஓட்டை போடும், கலம் செத்துவிடும். பி53 இருக்கிறதா இல்லையா என்று இது பார்ப்பதில்லை. 2016இல் அமெரிக்காவில் முதலில் அனுமதி கொடுத்ததும் இந்த 17ஆம் நிறமூர்த்தக் குறை உள்ளவர்களுக்குத்தான். எல்லாப் புற்றுநோயும் பிசிஎல்-2ஐ நம்பி இருப்பதில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

20 போதுமா என்று எங்கள் மாமாவும் கேட்டார். இங்கே பயமே மருந்து வேகமாக வேலை செய்துவிடும் என்பதுதான். கலங்கள் ஒரேயடியாகச் செத்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டும். சிறுநீரகம் நின்றுபோகும், இதயமும் தாங்காது. ஆரம்பகால ஆய்வுகளில் அப்படி இறந்தவர்களும் உண்டு. ஆகவேதான் வாரத்துக்கு ஒரு படியாக 20, 50, 100, 200, 400.

அப்படிக் கொட்டுவது சிறுநீரோடு வெளியேற, முதல் குளிசைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே தண்ணீர். அப்பா ஒரு சீ.ஆர். கொப்பியில் டம்ளருக்கு ஒரு கோடு போட்டார், நாளுக்கு எட்டுக் கோடு. ஏழாவதோடு நித்திரையாகிவிட்டால் எழுப்பிக் குடிக்க வைத்தேன். அந்த நேரம் பார்த்துக் கொட்டாஞ்சேனை மாமி போத்தலில் கமரங்காய் ஜூஸ் கொண்டு வந்தார். நட்சத்திரமாக வெட்டுப்படுமே, அதுதான். அது இந்த மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், கிரேப்ஃப்ரூட்டும் அப்படித்தான். மாமியின் முன்னாலேயே சிங்கில் ஊற்றினேன். இன்றைக்கும் அவர் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை. பரவாயில்லை.

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரியில் கையெழுத்து வைக்கத் தந்த படிவம் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். தமிழில் கேட்டால் "முடிஞ்சுபோச்சு" என்றார்கள். இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. நாற்பது வருடம் தமிழ் படிப்பித்த மனிதர், தன் உயிர் பற்றிய தாளை நான் வாசித்துச் சொல்லக் கேட்டுக் கையெழுத்து வைத்தார். அந்த முகம் எனக்கு மறக்காது.

முதல் குளிசை காலை பத்து மணிக்கு. பின்னேரம் நாலரைக்கு இரத்தம் எடுத்தார்கள், அடுத்த நாள் காலை திரும்பவும். உங்களுக்கும் அந்த இரண்டையும் எப்போது எடுப்பார்கள் என்று இப்போதே கேட்டுக் குறித்து வையுங்கள். அப்பாவின் பொட்டாசியம் ஏறவில்லை. கொப்பியில் ஒன்பதாவது கோடும் இருந்தது.