தோள் தாங்கும் துப்பாக்கி எது?

கேள்வி: ஓஹாயோ மாநிலத்தில் கொலம்பஸ் நகருக்கு அருகே வசிக்கிறேன். வயது 46, எச்-1பி விசா. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வலது தோளில் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். பக்கத்துப் பண்ணைக்காரர் சென்ற ஆண்டு தம்முடைய 12 கேஜ் ஷாட்கனை (அகன்ற குழல் கொண்ட துப்பாக்கி) கொடுத்துச் சுடச் சொன்னார்; இரண்டே தோட்டாக்களில் தோள் கன்றிவிட்டது. இந்த ஆண்டு மான் வேட்டைக்குப் போக விரும்புகிறேன். .243 தோட்டாவைச் சுடும் ரைஃபிளை வாங்கச் சொல்கிறார் ஒரு நண்பர். எடை குறைந்த ரைஃபிள்தான் சரி என்கிறார் கடைக்காரர். துப்பாக்கியைத் தம் பெயரில் வாங்கித் தருவதாகச் சொல்கிறார் அலுவலக நண்பர். எதை வாங்கலாம்?

பதில்: ஒரே வரியில் சொல்ல வேண்டுமானால், .350 லெஜண்ட் தோட்டாவைச் சுடும், ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் போல்ட்-ஆக்‌ஷன் ரைஃபிள், ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து ஏழரை முதல் எட்டு பவுண்டு எடையில், உடலுக்குள் விரியும் 150 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) வேட்டைக் குண்டோடு வாங்குங்கள். ஆனால் வாங்குவதற்கு முன் உங்கள் விசா தொடர்பாக ஒரு வேலை இருக்கிறது. அதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். தயவுசெய்து அந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள்.

முதலில் .243 பற்றி. உங்கள் நண்பர் சொன்னது கெட்ட ஆலோசனை அன்று. அது ஓஹாயோவுக்கு உரிய ஆலோசனை அன்று. உதைப்பு (சுட்டதும் துப்பாக்கி தோளைப் பின்னுக்குத் தள்ளுவது) குறைவான மான் துப்பாக்கி எது என்று எங்கே தேடினாலும் .243, 6.5 கிரீட்மோர் என்றே வரும். இவற்றின் தோட்டாக்கூடு கழுத்தருகே குறுகி, புட்டியைப் போல இருக்கும். ஓஹாயோவில் மானைச் சுட ரைஃபிள் பயன்படுத்தினால், அதன் தோட்டாக்கூடு அடியிலிருந்து வாய்வரை நேராக இருக்க வேண்டும், குண்டின் விட்டம் .357 அங்குலத்துக்குக் குறையாமலும் .50 அங்குலத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்பது விதி. ஓஹாயோ ஆற்றைக் கடந்து கென்டக்கிக்குப் போனால் அதே .243 சட்டப்படி செல்லும். சமவெளியில், வீடுகள் நெருங்கிய இடத்தில், வேகமான குண்டு வெகுதூரம் போய்விடும் என்ற அச்சமே இந்த விதியின் வேர். ஆனால் 2007இல் பென்சில்வேனியா மாநிலத்துக்காகச் செய்யப்பட்ட ஆய்வு, தரைமட்டத்தில் சுடும்போது தெறித்துப் போகும் குண்டையும் கணக்கில் எடுத்தால் ஷாட்கனில் இடும் ஒற்றைப் பெரிய குண்டான ஸ்லக், ரைஃபிள் குண்டைவிடப் பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது எனக் காட்டியது. அதற்குப் பிறகும் மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதி, வெவ்வேறு கையேடு என்று புதியவர்களைத் திணறடிப்பது எனக்கு உடன்பாடில்லை. இருந்தாலும் விதி விதிதான்; .243ஐ இங்கே மான் வேட்டைக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.

இந்த விதிக்குள் பொருந்துவதற்கென்றே வின்செஸ்டர் நிறுவனம் 2019இல் கொண்டுவந்ததுதான் .350 லெஜண்ட். உங்கள் தோள் எவ்வளவு வாங்கும் என்பதை அடி-பவுண்டு என்ற அளவில் கணக்கிடுவார்கள். கணக்கின் உள்விவரம் உங்களுக்குத் தேவையில்லை, ஒப்பீடு மட்டும் போதும். ஏழரை பவுண்டு துப்பாக்கியில் 12 கேஜ் ஸ்லக் 30 அடி-பவுண்டுக்கு மேல் உதைக்கும். அதே எடையில், ஓஹாயோ விதிக்குள் வரும் இன்னொரு பெரிய தோட்டாவான .450 புஷ்மாஸ்டர் 20ஐ ஒட்டி உதைக்கும். .350 லெஜண்ட் ஏறத்தாழ 8 மட்டுமே. அதாவது சென்ற ஆண்டு உங்கள் தோளைக் கன்றவைத்த உதையில் நாலில் ஒரு பங்கு. நண்பர் சொன்ன .243கூட ஏறக்குறைய 9 வரும் என்பதால், அது கிடைக்கவில்லையே என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை.

இப்போது கடைக்காரரின் அறிவுரை. எடை குறைந்த துப்பாக்கி குறைவாக உதைக்கும் என்பது கடை மேசையில் சொல்லப்படும் பொய்களிலேயே பழமையானது. தோட்டா ஒன்றே என்றால், துப்பாக்கி இலேசாக இருக்கும் அளவுக்கு உதை கூடும். .350 லெஜண்டையே ஆறு பவுண்டு ரைஃபிளில் சுட்டால் உதைப்பு பத்தைத் தாண்டும், எட்டு பவுண்டு ரைஃபிளில் எட்டுக்குக் கீழே இறங்கும். இலேசான துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு நடப்பது சுகம். கடையில் கையில் வாங்கிப் பார்க்கும்போதும் அது சுகமாகவே இருக்கும். சுடும்போதுதான் வித்தியாசம் தெரியும். நீங்களோ மரத்தடியில் அமர்ந்து காத்திருக்கப் போகிறவர், மலை ஏறப் போவதில்லை.

என்னிடம் பயிற்சிக்கு வந்த மெல்லிய உடல்வாகு கொண்ட ஒரு பெண்ணுக்கு ஒரு கடையில், பெண்களுக்கு ஏற்றது என்று சொல்லி, மிக இலேசான ரைஃபிளை .450 புஷ்மாஸ்டரில் விற்றிருந்தார்கள். உதைக்கிறது என்று அவர் திரும்பிப் போனபோது, குழல் முனையில் மஸில் பிரேக் ஒன்றைப் பொருத்தி அதற்கும் காசு வாங்கினார்கள். மஸில் பிரேக் உதையைக் குறைக்கும் என்பது உண்மை. வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பிவிட்டே அது உதையைக் குறைக்கிறது, ஆகவே சத்தம் சுடுபவரின் காதுக்கும் அருகில் இருப்பவரின் காதுக்கும் பலமடங்கு கடுமையாக வந்து சேரும். காட்டில் பலர் காதுமூடி அணிவதில்லை. தோளைக் காப்பாற்றக் காதைக் கொடுக்க வேண்டாம். உங்கள் துப்பாக்கிக்கு அது தேவையும் இல்லை.

வின்செஸ்டர் எக்ஸ்பிஆர், மாஸ்பெர்க் பேட்ரியட், சாவேஜ் ஆக்சிஸ் ஆகியவை .350 லெஜண்டில் வருகின்றன. எந்த நிறுவனம் என்பதைவிட, பின்கட்டையின் நீளம் உங்கள் கைக்கு ஒத்து வருகிறதா, தோளில் படும் முனையில் மென்மையான ரப்பர் பட்டை தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். கட்டை நீளமாக இருந்தால் அது தோளின் குழிவில் அமராமல் புயத்தின் மேல் அமரும். அறுவை செய்த இடத்தில் அதைப்போன்ற கேடு வேறில்லை. தடித்த குளிர்கால ஜாக்கெட்டை அணிந்துகொண்டே அளந்து பாருங்கள், ஏனெனில் நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் அதோடுதான் சுடப் போகிறீர்கள்.

தோட்டாவில் இரண்டு கண்ணிகள். ஒலியைவிட மெதுவாகப் போகும் 255 கிரெய்ன் சப்சானிக் தோட்டாவைக் காட்டி, இது இன்னும் மெதுவாக உதைக்கும் என்பார்கள். மெதுவாக உதைக்கும்தான், ஆனால் அந்த வேகத்தில் குண்டு உடலுக்குள் நன்றாக விரியாமல் போகக்கூடும், காயப்பட்ட மான் காட்டுக்குள் ஓடி இரவெல்லாம் துடித்துச் சாகும். மற்றது, விலை மலிவான முழு உலோக உறையிட்ட குண்டு. அது பயிற்சிக்கு மட்டும் உரியது. 150 கிரெய்ன் வேட்டைக் குண்டு குழலைவிட்டு வினாடிக்கு ஏறத்தாழ 2,300 அடி வேகத்தில் கிளம்பும். 150 கெஜத்துக்குள் வெள்ளைவால் மானுக்கு அது தாராளம். அதற்கு அப்பால் நிற்கும் மானை விட்டுவிடுங்கள். ஒரே வகைத் தோட்டாவில் பல பெட்டிகளைச் சேர்த்து வாங்கி, அதைக் கொண்டே ஸ்கோப்பைச் சரிசெய்து, அதைக் கொண்டே வேட்டைக்குப் போங்கள். தோட்டா மாறினால் குண்டு விழும் இடமும் மாறும். மாகசினிலும் குழலிலுமாகச் சேர்த்து மூன்று தோட்டாக்களுக்கு மேல் ஏற்றக்கூடாது என்ற ஓஹாயோ விதியையும் நினைவில் வையுங்கள்.

இனி விசா. எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது என்பது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம், 18ஆம் தொகுப்பின் 922ஆம் பிரிவு. அதே பிரிவு ஒரு விலக்கையும் தருகிறது: ஏதேனும் ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் கையில் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. கவனியுங்கள், வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்த சான்றிதழ் உரிமம் ஆகாது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்ற எண்ணமும் உரிமம் ஆகாது. உரிமம் கைக்கு வந்த பிறகே துப்பாக்கியைத் தொட வேண்டும், ஏனெனில் சட்டத்தின் கண்ணில் வைத்திருத்தல் என்பது வாங்கிச் சொந்தமாக்குவது மட்டும் அன்று. சுடுதளத்தில் வாடகைக்கு எடுப்பதும், பக்கத்துப் பண்ணைக்காரரின் துப்பாக்கியைக் கையில் வாங்கிச் சுடுவதும்கூட அதற்குள் அடங்கலாம். சென்ற ஆண்டு நீங்கள் சுட்டபோது உரிமம் இருந்ததா என்று எழுதவில்லை. இல்லையென்றால் இனி ஒருபோதும் அப்படிச் செய்யாதீர்கள். இதை மீறினால் 15 ஆண்டுவரை சிறை, விசாவும் போகும்.

உரிமத்துக்கு ஆயுளும் உண்டு. ஓஹாயோவின் ஓராண்டு வேட்டை உரிமம் பிப்ரவரி இறுதியோடு முடிகிறது. மார்ச் முதல் தேதி நீங்கள் புதுப்பிக்க மறந்தால், அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும் அதே ரைஃபிள் உங்களைக் குற்றவாளியாக்கிவிடும். வேட்டைப் பருவம் முடிந்துவிட்டதே, அடுத்த நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். துப்பாக்கி வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் உரிமமும் உயிரோடு இருக்க வேண்டும். துணைவருக்கான எச்-4 விசாவில் உங்கள் மனைவி இருந்தால் அவருக்கும் இதே விதிதான், ஆகவே பெட்டகத்தின் சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும். நிரந்தர வசிப்புரிமை அட்டை (கிரீன் கார்டு) வந்தபின் இந்தக் கவலை இல்லை. இவ்வளவு பெரிய தண்டனையைத் தலைக்குமேல் தொங்கவிட்டிருக்கும் அரசு, இதைத் தற்காலிக விசாக்காரர்களுக்கு எளிய மொழியில் எடுத்துச் சொல்ல ஒரு பக்கத் துண்டறிக்கைகூடக் கையில் கொடுப்பதில்லை என்பதை நினைத்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. வகுப்புக்கு வரும் நம்மவர்களில் பலர் இதை முதன்முதலாக என் வாயிலிருந்துதான் கேட்கிறார்கள்.

அலுவலக நண்பரின் உதவியை நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 படிவத்தில், உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்று கேட்கப்படும். வேறொருவருக்காக வாங்கிவிட்டு ஆம் என்று எழுதுவது கூட்டாட்சிக் குற்றம். அவருக்கு அன்பு இருக்கலாம், ஆனால் இருவருமே சிக்குவீர்கள். வேட்டை உரிமம், ஐ-94 எண் (அமெரிக்காவுக்குள் நுழைந்ததற்கான பதிவு எண்), முகவரியுள்ள அடையாள அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு, உரிமம் பெற்ற விற்பனையாளரிடம் நேரில் போய் உங்கள் பெயரிலேயே வாங்குங்கள். தேவையில்லாத சேவைக் கட்டணம் கேட்டு, விசாக்காரர்களுக்கான காகித வேலையை நானே முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வெளியே வந்துவிடுங்கள்.

கடைசியாகப் பயிற்சி. அறுவை செய்த மருத்துவரிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகே தொடங்குங்கள். முதல் சில வாரங்கள் .22 ரைஃபிளில் மட்டும் சுடுங்கள். அதன்பின் .350இல், காதுமூடி அணிந்து, ஒரு நாளைக்குப் பத்துத் தோட்டாவுக்கு மேல் போகாமல் சுடுங்கள். மேசையில் சாய்ந்து சுடும்போது உடல் பின்னால் நகர இடம் இல்லாததால் உதை கூடுதலாகத் தெரியும்; அப்போது கட்டைக்கும் தோளுக்கும் இடையே சிறிய மணல்மூட்டை ஒன்றை வையுங்கள். நடுவே நண்பரை விட்டு, உங்களுக்குத் தெரியாமல் வெடிமருந்து இல்லாத ஒரு போலித் தோட்டாவை (டம்மி) கலந்து போடச் சொல்லுங்கள். விசையை அழுத்தியதும் வெறும் சொடுக்கு மட்டும் கேட்கும். அந்தக் கணத்தில் குழல் முனை கீழே குத்தி, கண் இறுக மூடி, தோள் முன்னே வந்தால், உதைக்கு முன்பே உடல் பயந்துவிடுகிறது என்று பொருள். அப்படியானால் மீண்டும் .22க்கே திரும்புங்கள். நூறு கெஜத்தில், முழங்காலை ஊன்றி அமர்ந்து, எட்டு அங்குலக் காகிதத் தட்டுக்குள் தொடர்ந்து மூன்று குண்டுகளைப் போட முடியும் நாளில் நீங்கள் தயார். ஓஹாயோவின் முதன்மைத் துப்பாக்கிப் பருவம் நன்றி நவிலும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை தொடங்கும். மான் அனுமதிச் சீட்டைத் தனியாக வாங்க வேண்டும், ஆரஞ்சு நிற மேலாடையும் கட்டாயம். தோள் அதற்குள் ஒத்துழைக்கவில்லையென்றால் இந்த ஆண்டு குறுக்குவில்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஓஹாயோவில் அதற்கான பருவம் செப்டம்பர் இறுதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை நீளுகிறது, அது தோளை உதைப்பதும் இல்லை.