பரணில் கிடக்கும் வம்சாவளி

அன்புள்ள அக்கா,

கோவில்பட்டிப் பக்கம் கரிசல் விவசாயக் குடும்பம் எங்களுடையது. ஊர் பழைய எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருடமாக லீவு கிடைக்கும்போதெல்லாம் ஊருக்குப் போய், பெரியவர்களைக் கேட்டு வம்சாவளி எழுதி வருகிறேன். ஏழு தலைமுறை முடிந்துவிட்டது. படம் இணைத்திருக்கிறேன். 1950க்கு முந்தைய பட்டா எதுவும் தாலுகா ஆபீஸில் இல்லை என்கிறார்கள். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வந்து குழப்புகிறது. முன்னோர் ஒருவர் பாளையக்காரர் படையில் தளபதியாக இருந்ததாகப் பெரியப்பா சொல்வார். மரபணுச் சோதனையில் அதை உறுதி செய்ய முடியுமா?

த.

அன்புள்ள தம்பி,

முடியாது. எச்சிலை அனுப்பினால் தளபதி யாரென்று எந்தச் சோதனையும் சொல்லாது. அதை விடுங்கள். மழையை மட்டும் நம்பிய மண்ணில் ஏழு தலைமுறை உழுது பிழைத்திருக்கிறார்கள். அந்தப் பெருமை போதாமல் தளபதி எதற்கு?

பட்டா விஷயம் எளிது. ஜமீன் ஊர்களில் குடியானவர் தீர்வை கட்டியது ஜமீனுக்கு, கணக்கும் ஜமீன் கச்சேரியில், அதாவது ஜமீன் ஆபீஸில்தான். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து, அதற்கப்புறம் நிலத்தை அளந்து செட்டில்மெண்ட் முடித்துத்தான், குடியானவர் நேராக சர்க்காருக்கே தீர்வை கட்டும் ரயத்துவாரி பட்டா கொடுத்தார்கள். அதற்கும் முன்னால் போக வேண்டுமென்றால் சார்பதிவாளர் ஆபீஸில் பழைய கிரயம், அடமானப் பத்திரங்களைத் தேடுங்கள். ‘இன்னார் குமாரர் இன்னார்’ என்று ஒரே வரியில் இரண்டு தலைமுறை கிடைக்கும். பெயர்க் குழப்பத்துக்கு வழி, ஒரு தலைமுறை விட்டு எண்ணுவது. தாத்தா பெயரைத்தானே பேரனுக்கு வைப்பார்கள்.

சரி, உங்கள் படத்துக்கு வருகிறேன். நேற்று ராத்திரி வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 43 பெயர். ஒன்றுகூடப் பெண் பெயர் இல்லை. உங்களைப் பெற்றவள் பெயரைக்கூட எழுதவில்லையே தம்பி! ஏழு தலைமுறையும் அப்பனுக்கு மகன், மகனுக்கு மகன் என்று தானாகவே முளைத்து வந்ததா? கோபமாக வந்தது. அப்புறம் என் ஆச்சி ஞாபகம் வந்து கோபம் அடங்கியது.

அப்பாவின் அம்மா அவள். ஊரே ‘கடம்பூர்க்காரி’ என்றுதான் கூப்பிடும். தாத்தாவுக்கு ‘ஏளா’. பேரப் பிள்ளைகளுக்கு ஆச்சி. விதைக் கம்பைச் சாம்பல் கலந்து குலுக்கையில் கொட்டி, வாயைச் சாணி மெழுகி அடைப்பாள். அடுத்த ஆடிக்கு அவள் திறந்தால்தான் வீட்டில் விதைப்பு. எனக்கு 11 வயதில் போய்விட்டாள். போன மாதம் ஊர் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து ஒரு பித்தளைத் தவலையை இறக்கினோம். களிம்பேறிப் பச்சையாகக் கிடந்தது. தேய்த்தால், கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாகக் கொத்திய எழுத்து: மா. சண்முகத்தாய். ‘த்’தின் புள்ளியை ஆசாரி ஓங்கி அடித்துவிட்டார் போல, அந்த இடத்தில் ஓட்டை விழுந்து ஈயம் வைத்து அடைத்திருந்தது. அத்தைக்கு போன் போட்டேன். “எங்க அம்மா பேருதாம்ளா அது, அவ கல்யாணத்துக்கு அவ மாமன் போட்ட சீரு” என்றாள். 58 வயதில் என் ஆச்சியின் பெயர் எனக்குத் தெரிந்தது. ‘மா’ அவளுடைய அப்பா. பூட்டன் ஒருவரின் முதலெழுத்தும் கிடைத்தது.

பத்திரத்திலும் பெண்கள் வருவார்கள். எப்போது வருவார்கள் தெரியுமா? புருஷன் செத்த பிறகு, ‘மைனருக்காகத் தாயும் கார்டியனுமான’ என்று ஒரு ரேகை வைக்க. இல்லாவிட்டால் விடுதலைப் பத்திரத்தில், கூடப் பிறந்தவனுக்குத் தன் பங்கை விட்டுக்கொடுக்க. 1989இல் தமிழ்நாட்டில் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் வந்த பிறகு எழுதிய அந்தப் பத்திரங்களை வாங்கிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக இருப்பார்கள், நிலம் கைவிட்டுப் போகிற அந்த ஒரு தாளில். படிக்கும்போது எனக்கு வயிறு எரியும்.

பழைய மொய் நோட்டுகளையும் கேளுங்கள். ஊரோடு பெயர் எழுதியிருக்கும், தாய்மாமன் வழியெல்லாம் அதில் பிடிபடும். ஊர் விலக்கில் சுமைதாங்கிக் கல் இருந்தால் நின்று பாருங்கள். வயிற்றுப் பிள்ளையோடு செத்தவளுக்காக வைத்த கல் அது. சிலவற்றில் பெயர் வெட்டியிருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள் அல்லவா? அப்போது பரணில் ஏறுங்கள். பெரியப்பாவை விட்டுவிட்டுப் பெரியம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தால் போதும். செங்கல் பொடி வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

அன்புடன்,
அக்கா