எல்லா ரெப்போவுக்கும் அனுமதி வேண்டாம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கிட்ஹப்பில் இருக்கும் பிரைவேட் ரெப்போவை (நிரல் கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம்), அதை எடுத்து இணையத்தில் ஓட்டும் டிப்ளாய் சேவையோடு இணைப்பது பற்றியவை. பதிலுக்கு முன் ஒரு வேண்டுகோள்: திரையைப் படம் பிடித்து அனுப்புகிறவர்கள் டோக்கனை (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கொடுக்கும் ரகசியக் குறியீடு) மறைத்துவிட்டு அனுப்புங்கள். இரண்டு பேர் மறைக்கவில்லை. அந்த இரண்டு டோக்கன்களையும் இதைப் படித்து முடிப்பதற்குள் ரத்து செய்துவிடுங்கள்.

கம்பெனி ரெப்போ பிரவுசரில் எனக்குத் தெரிகிறது. டிப்ளாய் சேவையின் பட்டியலில் மட்டும் வரவே இல்லை. என் சொந்த ரெப்போக்கள் வருகின்றன. – ஒயிட்ஃபீல்டு வாசகர்

உங்களுக்குத் தெரிவது வேறு, அந்தச் சேவையின் சார்பில் ரெப்போவைத் தொடும் கிட்ஹப் ஆப்புக்குத் தெரிவது வேறு. ஆப் உங்கள் சொந்தக் கணக்கில் நிறுவப்பட்டிருக்கிறது. கம்பெனியின் ஆர்கனைசேஷனில் (கிட்ஹப்பில் கம்பெனியின் கூட்டுக் கணக்கு) நிறுவப்படவில்லை. பெரும்பாலும் அதற்கு ஓனரின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் பொத்தானை அழுத்தியபோதே அவருக்குக் கோரிக்கை போயிருக்கும். மின்னஞ்சல் குவியலில் கிடக்கும். நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் ‘தேர்ந்தெடுத்த ரெப்போக்கள் மட்டும்’ என்பதைத்தான் தொட வேண்டும். பின்னால் தொடங்கும் ரெப்போ தானாகச் சேராது, ஒவ்வொரு முறையும் போய்ச் சேர்க்க வேண்டும். அந்தச் சலிப்புக்காக ‘எல்லா ரெப்போக்களும்’ என்று கொடுத்துவிடாதீர்கள்.

‘ரெப்பாசிட்டரி நாட் ஃபவுண்ட்’ என்கிறது. முகவரியைப் பத்து முறை சரிபார்த்துவிட்டேன். – எலக்ட்ரானிக் சிட்டி

பதினோராவது முறை வேண்டாம். அனுமதி இல்லாதவருக்கு ‘அனுமதி இல்லை’ என்று கிட்ஹப் சொல்லாது. அப்படி ஒரு ரெப்போ இருப்பதே தெரியக் கூடாது என்பதற்காக ‘காணவில்லை’ என்ற 404தான் காட்டும். அனுமதியைப் பாருங்கள்.

பாஸ்வேர்டு சரி, இணையதளத்தில் அதே பாஸ்வேர்டால் நுழைய முடிகிறது. கிட் புஷ் (மாற்றங்களை கிட்ஹப்புக்கு அனுப்புவது) மட்டும் ஏற்கவில்லை. – அல்சூர்

2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப்பில் கிட் வேலைகளுக்குப் பாஸ்வேர்டு செல்லாது. டோக்கன் அல்லது எஸ்.எஸ்.ஹெச். சாவி (உங்கள் கணினியில் உருவாக்கும் சாவிக் கோப்பு) வேண்டும். எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது.

எங்களுடையது சிறிய ஸ்டார்ட்அப். டிப்ளாய் சேவையை இணைத்து வைத்தவர் போன மாதம் வேலையை விட்டுவிட்டார். இப்போது பில்ட் (நிரலை ஓடத் தயாராக்கும் வேலை), ரெப்போவை குளோன் (பிரதி) செய்யும் இடத்திலேயே நின்றுவிடுகிறது. அவரிடம் டோக்கனைக் கேட்டு வாங்கலாமா? – கோரமங்களா

கூடாது. முன்னாள் ஊழியரின் டோக்கனில் ஓடும் நிறுவனம் என்று பெயர் வாங்க உங்களுக்கு அவ்வளவு ஆசையா?

பெங்களூரில் ஆள் மாறாத அலுவலகம் எது? கடைசி நாளன்று லேப்டாப்பை எண் பார்த்து வாங்குகிறார்கள், அடையாள அட்டையை வாங்குகிறார்கள், பைக் நிறுத்த ஒட்டிய ஸ்டிக்கரைக்கூடச் சுரண்டி எடுக்கிறார்கள். எந்தெந்தச் சேவை உங்கள் பெயரில் இணைந்திருக்கிறது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. நடந்தது இதுதான்: அவர் தன் சொந்தக் கணக்கின் அனுமதியைக் கொடுத்து இணைத்தார். நீங்கள் அவரை ஆர்கனைசேஷனிலிருந்து நீக்கினீர்கள். அவருடைய அனுமதியோடு சேவையின் அனுமதியும் போனது. சேவை மீது தவறில்லை.

இன்னொன்றையும் யோசியுங்கள். பழைய வகை டோக்கனுக்கு ‘ரெப்போ’ என்ற அனுமதி வரம்பை (ஸ்கோப்) கொடுத்தால், அந்த மனிதர் தொடக்கூடிய எல்லா பிரைவேட் ரெப்போக்களையும் படிக்கலாம், எழுதவும் செய்யலாம். டிப்ளாய் செய்ய வேண்டியது ஒன்று, திறந்து வைத்தது முப்பது. 2022 ஏப்ரலில் ஹெரோகு, டிராவிஸ் சி.ஐ. ஆகிய இரண்டு சேவைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்த ஓ-ஆத் (பாஸ்வேர்டு தராமல் இன்னொரு சேவைக்கு அனுமதி தரும் முறை) டோக்கன்கள் திருடு போயின; அவற்றை வைத்துப் பல பத்து நிறுவனங்களின் பிரைவேட் ரெப்போக்களை இறக்கிக்கொண்டு போனார்கள். ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களை வைத்திருக்கும் என்.பி.எம்.மும் அதில் உண்டு. நீங்கள் தவறே செய்யாமல் இருக்கலாம். இணைத்த சேவை தடுக்கினால் போதும்.

செய்ய வேண்டியது: சேவையின் கிட்ஹப் ஆப்பை ஆர்கனைசேஷனில் நிறுவுங்கள். நிறுவல் ஆர்கனைசேஷனுக்குச் சொந்தம். அது பெறும் டோக்கன் ஒரு மணி நேரத்தில் காலாவதியாகும். தேர்ந்தெடுத்த ரெப்போ மட்டும் (மறுபடியும் சொல்கிறேன்). ஆப் இல்லாத சேவை என்றால் அந்த ஒரு ரெப்போவுக்கு, படிக்க மட்டும் உரிமையுள்ள டிப்ளாய் கீ என்ற எஸ்.எஸ்.ஹெச். சாவி. பிறகு அந்தச் சேவையின் கணக்கே யாருடைய மின்னஞ்சலில் இருக்கிறது, யாருடைய கார்டில் பணம் போகிறது என்று பாருங்கள். என்விரான்மென்ட் வேரியபிள்களை (பாஸ்வேர்டு போன்றவற்றைச் சேவையில் வைக்கும் இடம்) அவர் பார்த்திருப்பார். டேட்டாபேஸ் பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். அவர் நல்லவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இருக்கட்டும், மாற்றுங்கள்.

ஒரு ரெப்போவில் வேலை செய்யும் டிப்ளாய் கீயை இரண்டாவதில் சேர்த்தால் ‘ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்கிறது. – எச்.எஸ்.ஆர். லேஅவுட்

ஒரு சாவிக்கு ஒரு ரெப்போதான். இன்னொன்று உருவாக்குங்கள். எழுதும் உரிமைக்கான கட்டத்தை டிக் செய்யாதீர்கள்.

முதன்மை ரெப்போ குளோன் ஆகிறது, அதற்குள் இருக்கும் சப்மாட்யூல் மட்டும் ஆவதில்லை. – மாரத்தஹள்ளி

சப்மாட்யூலும் பிரைவேட்தானே? கடிதத்தில் சொல்லவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். அது தனி ரெப்போ, அதற்குத் தனி அனுமதி வேண்டும். பட்டியலில் அதையும் சேர்த்துப் பாருங்கள். சில சேவைகள் பப்ளிக் சப்மாட்யூல்களை மட்டுமே எடுக்கும். அங்கே பிரைவேட் பேக்கேஜாக மாற்றுவது ஒரு வழி.

ரகசியச் சாவிகள் இருக்கும் டாட் ஈ.என்.வி. கோப்பைத் தெரியாமல் கமிட் செய்துவிட்டேன் (வரலாற்றில் பதிந்துவிட்டேன்). அடுத்த கமிட்டிலேயே நீக்கிவிட்டேன். பிரைவேட் ரெப்போதான், கவலையில்லை அல்லவா? – பானஸ்வாடி, கல்லூரி மாணவர்

கவலை உண்டு. நீக்கியது கடைசி நிலையிலிருந்து மட்டும். வரலாற்றில் அப்படியே இருக்கிறது, அதை குளோன் செய்யும் ஒவ்வொருவருக்கும் கிடைக்கும். முதலில் அந்தச் சாவிகளை ரத்து செய்து புதியவை வாங்குங்கள். வரலாற்றைச் சுத்தம் செய்வது அதற்குப் பிறகு. வெட்கப்பட ஒன்றுமில்லை. 2023 மார்ச்சில் கிட்ஹப்பின் சொந்த ஆர்.எஸ்.ஏ. எஸ்.எஸ்.ஹெச். சாவியே ஒரு பப்ளிக் ரெப்போவில் கொஞ்ச நேரம் வெளியே கிடந்தது. அவர்கள் சாவியை மாற்றினார்கள். நீங்களும் மாற்றுங்கள். கூடவே, ‘வீட்’ (VITE_), ‘நெக்ஸ்ட் பப்ளிக்’ (NEXT_PUBLIC_) என்ற முன்னொட்டோடு தொடங்கும் வேரியபிள்கள் நேரே பிரவுசருக்குப் போகும். ரகசியத்தை அவற்றில் வைக்காதீர்கள்.

என் மேக்கில் பில்ட் ஆகிறது, சேவையில் ‘கோப்பு இல்லை’ என்று விழுகிறது. – இந்திராநகர்

கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்தைப் பாருங்கள். மேக் வழக்கமாகக் கண்டுகொள்ளாது, சேவையில் இருக்கும் லினக்ஸ் விடாது. ‘கிட் எம்.வி.’ கட்டளையால் பெயரை மாற்றுங்கள்.

இணைத்துவிட்டோம், ஓடுகிறது. ஆனால் ஜெயநகரில் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கே பக்கம் திறக்க ஐந்து விநாடி ஆகிறது. இன்னும் பெரிய பிளான் வாங்கலாமா? – ஜெயநகர்

பணத்தைப் பையிலேயே வையுங்கள். பல சேவைகள் நீங்கள் சொல்லாவிட்டால் அமெரிக்காவில்தான் ஓட்டும். அமேசானின் சர்வர் சேவையான ஏ.டபிள்யூ.எஸ். மும்பையில் 2016 முதலும் ஹைதராபாத்தில் 2022 முதலும் இருக்கிறது. உங்கள் சேவையில் மும்பை இருந்தால் மும்பை, இல்லையென்றால் சிங்கப்பூர். ஆனால் அதை மட்டும் மாற்றிவிட்டு டேட்டாபேஸை அமெரிக்காவில் விட்டால் இன்னும் மோசமாகும். டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி போய்வரக் கால் விநாடி, பக்கத்துக்கு இருபது கேள்வி என்றால் ஐந்து விநாடி ஆகிவிட்டது. உங்கள் டேட்டாபேஸ் எங்கே இருக்கிறது? இரண்டு பக்கக் கடிதத்தில் அது ஒன்றைத்தான் எழுதவில்லை.